பதினாறு புள்ளியும் ஒரு எல்க் டேக்கும்

1

இதை எழுத உட்காரும்போது மணி ஐந்து பத்து. வெள்ளிக்கிழமை. போன வருடம் அக்டோபரின் இதே இரண்டாவது வெள்ளிக்கிழமை, இதே ஐந்து பத்துக்கு, அறிவழகனுக்குப் போன் போட்டேன். டைரியில் நேரம் குறித்திருக்கிறேன். கல்லூரி முடித்த நாளிலிருந்து எதற்கும் தேதியும் நேரமும் எழுதி வைப்பவன் நான். அந்த ஒரு குறிப்பை மட்டும் திரும்பப் படிக்காமல் ஒரு வருடம் ஓட்டினேன். இன்று மத்தியானம் படித்துவிட்டேன். அதனால் எழுதியும் விடுகிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம் வேண்டும். நான் இருப்பது அமெரிக்காவின் மேற்கே, ராக்கி மலையை ஒட்டிய ஒரு சிறு நகரம். பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மலைகளில் எல்க் என்று ஒரு மான் உண்டு. நம் பக்கத்துக் கடமானைவிடப் பெரியது. ஆண் எல்க் ஒன்று நல்ல உழவு மாட்டின் கனம் இருக்கும். கொம்பு கிட்டத்தட்ட ஆளுயரம். இலை பழுக்கும் பருவத்தில் அது கூவுவது, நாதஸ்வரக்காரர் சீவாளி சரியாகப் பொருந்தாமல் ஊதிப் பார்க்கும் சத்தம் போல இருக்கும்.

இந்த நாட்டில் காட்டு விலங்கு யார் நிலத்தில் நின்றாலும் நிலக்காரனுக்குச் சொந்தமில்லை. மாநிலத்து மக்கள் எல்லாருக்கும் பொது. குளிர்காலத்தில் வனவிலங்குத் துறை ஹெலிகாப்டரில் பறந்து எண்ணுகிறது. ஆண் எத்தனை, பெட்டை எத்தனை, கன்று எத்தனை, அடுத்த பனிக்குப் புல் போதுமா என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு வட்டாரத்திலும் இத்தனை விலங்குகளைத்தான் சுடலாம் என்று அறிவிக்கிறது. ஒரு விலங்குக்கு ஓர் அனுமதிச் சீட்டு. அதன் பெயர் டேக். ஒரு சாண் நீளக் காகிதம். விலங்கு விழுந்ததும், அதை ஓர் அங்குலம் நகர்த்துவதற்கு முன், டேக்கில் கையெழுத்துப் போட்டு, ஓரத்தில் அச்சடித்திருக்கும் மாதத்தையும் நாளையும் கத்தியால் வெட்டியெடுத்து, உடலோடு கட்ட வேண்டும். ஒரே டேக்கை இரண்டு முறை பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

ஆண் எல்க்குக்குப் பேர் போன வட்டாரங்களில் கேட்பவர்கள் அதிகம், டேக் குறைவு. அதனால் குலுக்கல். கிடைக்காதவனுக்கு அந்த வருடத்துக்கு ஒரு புள்ளி தருவார்கள். புள்ளி சேரச் சேர வரிசையில் முன்னே போகலாம். பெரும்பங்கு டேக் அப்படிப் போகும். ஒரு சிறு பங்கை மட்டும், புள்ளி இருக்கிறதோ இல்லையோ, யாருக்கு வேண்டுமானாலும் விழட்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

மலையின் வடக்குச் சரிவு வட்டாரத்துக்கு நான் பதினாறு வருடம் விண்ணப்பித்திருந்தேன். பதினாறு புள்ளி.

அறிவழகன் முதல் முறை விண்ணப்பித்தான். அவனுக்கு விழுந்தது.

2

அறிவழகனை நான் சந்தித்தது பக்கத்து நகரத்தில் நடந்த ஒரு பொங்கல் விழாவில். சர்க்கரைப் பொங்கல் தட்டோடு நின்றவன் நேராக என்னிடம் வந்தான்.

“அண்ணே, நீங்க குடவாசல் பக்கம்தானே? நான் மாரிமுத்து மவன்.”

“எந்த மாரிமுத்து?”

“உங்க வயல்ல குத்தகைக்கு இருந்த மாரிமுத்துண்ணே. மறந்துட்டீங்களா?”

நாலு பேர் நடுவில், சத்தமாக, சிரித்துக்கொண்டே சொன்னான். மாரிமுத்து என் அப்பாவை ‘ஐயா’ என்பார். என்னைச் ‘சின்னய்யா’ என்பார். அவர் மகன் முதல் வார்த்தையிலேயே ‘அண்ணே’ என்று ஆரம்பித்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படி ஒன்றுமில்லாததுதான் எனக்கு உறுத்தியது.

பிறகு அவனுக்கு நான் இருக்கும் நகரத்திலேயே வேலை கிடைத்து, மனைவியோடு வந்து சேர்ந்தான். தண்ணீர்ப் பங்கீட்டு அலுவலகத்தில் பொறியாளர். மலையில் உருகும் பனி எந்த வாய்க்காலில் எத்தனை நாள், எந்தப் பண்ணைக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் மேசை அவனுடையது. எங்கள் வயலுக்கு மடை திறந்துவிட்டுக்கொண்டிருந்த மாரிமுத்துவின் மகன். ஒருநாள் ஏதோ வேலையாக அந்த அலுவலகத்துக்குப் போனேன். ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் இரண்டு பண்ணைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் நின்றார்கள். அவன் அவர்களை உட்காரச் சொன்னான். காபி கொடுத்தான். ஆலையில் நான் வேலை பார்த்த காலம் முழுதும் எனக்காக எவனும் தொப்பியைக் கழற்றியதில்லை.

அவன் ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். தப்பாகப் பேசிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். எல்லாரும் கூடச் சிரிப்பார்கள். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் திருத்திவிட்டுப் பேசுவேன். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது என் மகள் கயல். இருபத்தாறு வயது. வனவிலங்குத் துறையில் உயிரியலாளர். ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு எல்க் எண்ணுகிறவர்களில் ஒருத்தி. இங்கேயே பிறந்தவள். அவள் தமிழில் மரியாதை எங்கே வைக்க வேண்டும் என்ற கணக்கே கிடையாது. “அந்தக் கரடி ரொம்ப வயசானவர்ப்பா. போன வாரம் இறந்துட்டார்” என்பாள். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால் என்னோடு ஆறு நிமிடம் பேசுவாள். அறிவழகன் வீட்டுக்குப் போனால் இரண்டரை மணி நேரம் உட்காருவாள். அளந்துதான் சொல்கிறேன். வரப்பு, மடை, நண்டு வளை என்று அவன் சொல்வதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். அதே வரப்பில் நானும்தான் நடந்தேன்.

அவனுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் கயல். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்த்துவிட்டவள் கயல். குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவளும் அவளே.

ஜூனில் முடிவு வந்த அன்று போனில் கத்தினாள்: “அப்பா! அறிவு அங்கிளுக்கு விழுந்துடுச்சு! வடக்குச் சரிவு!”

“எனக்கு?”

“உங்களுக்குப் பதினேழாவது புள்ளிப்பா” என்றாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, “ஜெலஸா?” என்றாள்.

“எதுக்கு? நல்ல பையன். கிடைக்கட்டும்.”

போனை வைத்ததும் என் மனைவி கமலா அடுப்படியிலிருந்து சொன்னாள்: “கொம்பு மாட்டறதுக்குன்னு பதினாறு வருஷம் முன்னாடி செவுத்துல ஆணி அடிச்சீங்க. அதுல வருஷா வருஷம் காலண்டர்தான் மாத்திக்கிட்டிருக்கேன்.”

3

எங்கள் அப்பாவிடம் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. லைசென்ஸ் உண்டு. கோடியக்கரைக் காடு சரணாலயம் ஆவதற்கு முன், நண்பர்களோடு ஜீப்பில் போய் வெளிமான் சுட்டு வருவார். அதை ஜீப்பிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குத் தூக்கிப் போகிறவர் மாரிமுத்து. கறியில் எந்தப் பாகம் யாருக்கு என்று அப்பா சொல்வார். காடு சரணாலயம் ஆனது. சில வருடத்தில் நிலத்துக்கும் உச்சவரம்பு குறைந்தது. இரண்டையும் அப்பா ஒரே மூச்சில் திட்டுவார்: “நெலத்துக்கு உச்சவரம்பு, மானுக்குச் சரணாலயம். இனிமே நாம எதுக்கு?”

எழுபதுகளின் தொடக்கம் அது. ஒரு தெருவில் செங்கொடி, அடுத்த தெருவில் கறுப்பு சிவப்பு. கூலித் தகராறில் அறுவடைக்குப் போலீஸ் வந்து வயலோரம் நின்ற வருடங்கள். குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பெயரைத் தாலுகா அலுவலகத்தில் பதிந்துகொள்ளலாம் என்று சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்தை விட்டு எழுப்புவது கஷ்டம். மாரிமுத்து எங்கள் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு வைத்திருந்தார். எல்லாம் வாய்ப்பேச்சு. ரசீது கிடையாது.

நான் பி.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்தேன். கட்சிப் படிப்பகத்தில் எல்லாப் பத்திரிகையும் படிப்பேன். அறிவிப்புகளைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். எங்கள் கிராமத்துக்காரர்கள் மனு கொடுக்கக் கடைசி நாள் என்ன என்பது அந்த நோட்டில் இருந்தது. ஒரு வியாழக்கிழமை.

அதற்குப் பத்து நாள் முன்னால் மாரிமுத்து வாய்க்கால் கரையில் என்னை நிறுத்தினார்.

“சின்னய்யா, பேரு பதியணும்ங்கறாங்க. பசங்க ஆளுக்கொரு நாளு சொல்றானுவ. நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கீங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும். கடைசி நாளு என்னைக்குங்க?”

“பாத்து சொல்றேன் மாரிமுத்து.”

பார்க்கத் தேவையே இல்லை. மனப்பாடமாகத் தெரியும். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். ஞாபகம் வரப்போ சொல்லு” என்றார்.

எனக்கு வெள்ளிக்கிழமை காலையில் ஞாபகம் வந்தது.

“மாரிமுத்து, அது நேத்தோட முடிஞ்சிருச்சாம்.”

அவர் மண்வெட்டியைத் தரையில் ஊன்றினார். “அப்படிங்களா” என்றார். பிறகு, “சொன்னீங்களே, அது போதும்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

சம்பா அறுத்த கையோடு அப்பா அந்த ஆறு மாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மாரிமுத்து அறுவடைக் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போனார். அறிவழகன் அப்போது கைக்குழந்தை.

இங்கே வேட்டை விதிப் புத்தகம் ஒவ்வொரு வருடமும் தபாலில் வீட்டுக்கே வருகிறது. விண்ணப்பத்தின் கடைசித் தேதியை அட்டையிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். எனக்கு வருகிற அதே புத்தகம் பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிறவனுக்கும் வருகிறது. முதல் வருடம் அந்த அட்டையைப் பார்த்தபோது இந்த நாட்டின் மேல் எனக்கு ஏற்பட்டதும் பொறாமைதான். எங்கள் ஊரில் அந்தத் தேதி ஒரே ஆளின் நோட்டில் இருந்தது.

4

செப்டம்பர் முதல் திங்கள் இங்கே தொழிலாளர் விடுமுறை. அறிவழகன் வீட்டில் சாப்பாடு. கயல் வேலையாக மலை முகாமில் இருந்தாள்; நானும் கமலாவும் போனபோது அவன் கோழி வாட்டிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, உள்ள பிரிட்ஜ் மேல பாருங்க! டேக் வந்துருச்சு!”

போய்ப் பார்த்தேன். குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. வடக்குச் சரிவு. ஆண் எல்க். கீழே அவன் பெயர். எனக்கு வந்திருக்க வேண்டிய அந்தக் காகிதம் வெயில் பட்டுப் பளபளத்தது. ஏன் பளபளக்கிறது என்று கிட்டப் போனேன்.

இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிளாஸ்டிக் உறை போட்டு லேமினேட் செய்திருந்தான்.

நம் ஆட்கள் செய்யக்கூடிய காரியம்தான். மார்க் ஷீட்டிலிருந்து ரேஷன் கார்டு வரை எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் டேக்கின் உயிரே அதைக் கிழிப்பதிலும் வெட்டுவதிலும்தான் இருக்கிறது. விதிப் புத்தகம் பதினோராம் பக்கம், நான்காவது பத்தி: உறையிட்டு ஒட்டிய, அல்லது எவ்வகையிலும் மாற்றிய டேக் செல்லாது. செல்லாத டேக்கோடு சுட்டால், டேக் இல்லாமல் சுட்டது போல.

“எப்படிண்ணே இருக்கு?” பின்னால் வந்து நின்றான். கையில் கோழி கவ்வும் இடுக்கி. “எங்கப்பாவுக்குக் குடியிருப்பு மனைக்குப் பட்டா குடுத்தாங்கள்ல, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நடுவூட்டுல மாட்டியிருந்தாரு. மழை ஒழுவுச்சுன்னா மொதல்ல பட்டாவை எடுத்துப் பத்திரப்படுத்துவாரு. அப்புறம்தான் எங்களை! காயிதம்னா அப்படி வெக்கணும்ணே.”

“நல்லா இருக்கு அறிவு” என்றேன்.

மாற்று டேக் வாங்குவது பெரிய வேலை இல்லை. ஆனால் குலுக்கல் டேக்குக்கு மாற்று, துறை அலுவலகத்தில் மட்டும்தான் தருவார்கள். நேரில் போக வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டு முதல் மாலை ஐந்து. வேட்டை தொடங்குவது அக்டோபர் பதினான்கு, சனிக்கிழமை; கயலும் நானும் கூடப் போவதாக ஏற்பாடு. அந்த விடுமுறைத் திங்களிலிருந்து அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வரை எண்ணினேன். முப்பத்தொன்பது நாள் இருந்தது.

முதல் வாரம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டாம் வாரம் அவனே கண்டுபிடிக்கட்டும், புத்தகம் அவனுக்கும்தானே வந்திருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் ஒரு சாயங்காலம் போன் போட்டான்.

“அண்ணே, மலைக்கு என்னென்ன எடுத்துக்கணும்? கயல் ஒரு லிஸ்ட் அனுப்பியிருக்கா. நீங்க பழைய ஆளு, நீங்க சொன்னா சரியா இருக்கும்.”

“கயிறு, ரெண்டு கத்தி, கறி கட்டத் துணிப்பை, ஆரஞ்சு சட்டை...”

“வேற ஏதாச்சும்?”

“வேற ஒண்ணுமில்லை.”

அன்று டைரியில் ‘அறிவு பேசினான், 6.40’ என்று மட்டும் எழுதினேன். அதன் பிறகு படுக்கையில் கண்ணை மூடினால் ஒரே காட்சி. வடக்குச் சரிவில், வேட்டைக்காரர்களைச் சோதிக்கும் துறை வார்டன் அவன் டேக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நிற்கிறது. கயல் என் பக்கம் திரும்பி, ‘அப்பா, டேக் உங்களுக்கு விழுந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா’ என்கிறாள். எனக்கு அது பிடித்திருந்தது. பலமுறை ஓட்டிப் பார்த்தேன்.

5

கடைசி வெள்ளி. மத்தியானம் மூன்று மணிக்கு போன் இருக்கும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் அலுவலகத்திலிருந்து துறை அலுவலகத்துக்குக் காரில் கால் மணி. நான்கு மணிக்குச் சொன்னால் நேரம் தாராளம். நாலரைக்குச் சொன்னாலும் போதும். நாலே முக்காலுக்குச் சொன்னால் ஓட்டமாக ஓட வேண்டும்.

ஐந்து அடித்தது. ஐந்து பத்துக்குப் போன் போட்டேன்.

“அறிவு, ஒரு விஷயம். அந்த டேக்குக்குப் பிளாஸ்டிக் போட்டிருக்கியே, அது செல்லாது. இப்பத்தான் புஸ்தகத்துல பாத்தேன்.”

“ஆமாண்ணே!” என்றான் உற்சாகமாக. “கயல் முகாம்லேருந்து செவ்வாக்கெழமதான் வந்தா. பாத்துட்டு ஒரு ஆட்டம் ஆடிட்டா. ‘அங்கிள், இது என்ன, டிரைவிங் லைசென்ஸா’ன்னு. மறுநாளே இழுத்துட்டுப் போயி வேற வாங்கிக் குடுத்துட்டா.”

“அப்படியா. நல்லது.”

நான் போனை வைத்திருக்கலாம். அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“ஏண்ணே, ஆபீசு அஞ்சு மணிக்கு மூடிருவாங்கள்ல?”

“ஆமா.”

“இப்ப மணி அஞ்சு பத்து.”

“ஆமா.”

அந்தப் பக்கம் டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரோ அணைத்தார்கள்.

“சரிண்ணே” என்றான். “காலையில நாலரைக்கு வந்துருங்க. அண்ணிகிட்ட இட்லி கட்டித் தரச் சொல்லுங்க, மொளகாப்பொடி தடவி.”

கமலா வந்து பார்த்தாள். “என்ன செவுத்தையே பாத்துக்கிட்டு? ஆணியா?” என்றாள்.

6

போகாமல் இருந்திருக்கலாம். காய்ச்சல் என்றால் நம்பியிருப்பார்கள். போகாவிட்டால் அவன் கயலிடம் என்ன சொல்வானோ என்ற பயத்தில் போனேன்.

கயல் வண்டி ஓட்டினாள். அறிவழகன் முன்னால் அவள் பக்கத்தில். நான் பின்னால், கறிப்பைகளோடு. நகரம் தாண்டியதும் கயல் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள்.

“அப்பா, மூக்குக் கண்ணாடி எடுத்துக்கிட்டீங்கல்ல? அன்னிக்கு அங்கிள் வீட்டுக்கு அதை மறந்துட்டுப் போயிட்டீங்களாமே. அதான் டேக்கைப் படிக்க முடியலைன்னு அங்கிள் சொன்னாரு. நான் உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேன்.”

பத்தொன்பது வயதிலிருந்து கண்ணாடி போடுகிறேன். குளிக்கவும் தூங்கவும்தான் கழற்றுவேன். இது அவளுக்குத் தெரியும், அறிவழகனுக்கும் தெரியும். அவன் புதன்கிழமையே எனக்காக ஒரு பொய் சொல்லி வைத்திருந்தான். அதை நான் வெள்ளிக்கிழமை போன் போட்டுக் கெடுத்துவிட்டேன். அவன் திரும்பவில்லை. வெளியே மலையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொழுது விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். மெல்லிய பனி. சரிவின் அந்தப் பக்கத்திலிருந்து சீவாளிச் சத்தம் வந்தது. பிறகு ஐந்து பெட்டை, அவற்றின் பின்னால் அது. பதினாறு வருடமாக நான் மனத்தில் வைத்திருந்ததைவிட உயரம். அறிவழகன் முழங்கால் போட்டுக் குறி பார்த்தான். தவறட்டும் என்று நினைத்தேன். எழுதுவதென்றால் இதையும் எழுதத்தான் வேண்டும். தவறட்டும், தவறட்டும் என்று உதடு அசையாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே குண்டு. நாலு அடி நடந்து, விழுந்தது.

கயல் அவனைக் கட்டிப்பிடித்தாள். முதுகில் மாட்டிக் கறி சுமக்கும் சட்டங்களை எடுத்து வர வண்டிக்கு இறங்கினாள். போய் வர இரண்டு மணி நேரம். நாங்கள் இருவரும் அதன் பக்கத்தில் நின்றோம். அறிவழகன் அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து புது டேக்கை எடுத்தான். வெறும் காகிதம். முழங்கால் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான். கத்தியையும் டேக்கையும் என்னிடம் நீட்டினான்.

“தேதியை நீங்க வெட்டுங்கண்ணே.”

“டேக் உன்னோடது.”

“கையெழுத்து நான் போட்டாச்சு. தேதியை யாரு வெட்டணும்னு புஸ்தகத்துல இருக்கா?”

யோசித்தேன். “இல்லை.”

“அப்ப வெட்டுங்க.”

இரண்டையும் வாங்கிக்கொண்டேன். அவன் எல்க்கின் கொம்பைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“எங்கப்பா சாவற வரைக்கும் அதைச் சொல்லுவாரு. சின்னய்யாகிட்ட தேதி கேட்டேன். சொல்றேன்னாரு, சொன்னாரு. ஒரு நாளு தள்ளிச் சொன்னாருன்னு.”

“அறிவு, எனக்கு அன்னிக்கு...”

“தெரிஞ்சுதான் சொன்னீங்கன்னு அவருக்குத் தெரியும்ணே. எனக்கும் தெரியும். நேத்து வரைக்கும் அது உங்கப்பா வேலைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.” மூக்கை உறிஞ்சினான். “வெட்டுங்க, வெரல் வெறைக்குது.”

அக்டோபர் என்ற கட்டத்தில் கத்தி முனையை வைத்து ஒரு முக்கோணம் வெட்டினேன். பிறகு பதினான்கு. இரண்டு துண்டும் பனியில் விழுந்தன. பொறுக்கிப் பைக்குள் போட்டேன். அவன் கயிறு கொடுத்தான். கொம்பின் அடியில் கட்டினேன்.

இறங்கி வரும்போது வண்டிப் பாதையில் வார்டன் நின்றார். டேக்கைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக யாரும் வெட்டி அவர் பார்த்ததில்லை என்றார். அறிவழகன் தன் மோசமான ஆங்கிலத்தில் என்னைக் காட்டிச் சொன்னான், எங்கள் ஊரில் தேதியெல்லாம் இவரிடம்தான் இருக்கும் என்று. வார்டன் சிரித்தார். கயலும் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

7

கறியில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தான். எந்தப் பாகம் யாருக்கு என்று அவன்தான் பிரித்தான். கமலா மிளகு போட்டு வறுத்தாள். நன்றாக இருந்தது.

கொம்பு அவன் வீட்டு நடுச்சுவரில் இருக்கிறது. பக்கத்தில், செல்லாது என்று முத்திரை குத்திய அந்தப் பிளாஸ்டிக் டேக். போகும்போதெல்லாம் பார்க்கிறேன். பொறாமை குறைந்துவிட்டது என்று எழுத ஆசை. குறையவில்லை. இந்த வருடக் குலுக்கலிலும் எனக்கு விழவில்லை. கயல் போன் போட்டு, “பதினெட்டாவது புள்ளிப்பா” என்றாள். எங்கள் ஆணியில் காலண்டர் தொங்குகிறது. அந்த இரண்டு காகித முக்கோணமும் டைரியில், அந்த நாளின் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மார்ச் பதினைந்து, வியாழன், சாயங்காலம் 6.20. இந்த வருட விதிப் புத்தகம் எல்லார் வீட்டுக்கும் வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. அறிவழகன் போன் போட்டான். அந்த அக்டோபருக்குப் பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

“அண்ணே, பெட்டை எல்க்குக்குப் போடலாம்னு இருக்கேன். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்னைக்கு?”

புத்தகத்தின் தாள் புரளும் சத்தம் போனில் எனக்குக் கேட்டது. அவன் கையிலேயே இருந்தது. அட்டையில், கொட்டை எழுத்தில்.

“ஏப்ரல் மூணு, செவ்வாய்க்கிழமை. ராத்திரி எட்டு மணி வரைக்கும்.”

“இன்னும் எத்தனை நாள் இருக்கு?”

“பத்தொம்போது.”

தாள் புரள்வது நின்றது.

“சரிண்ணே” என்றான். “சொன்னீங்களே, அது போதும்.”